ஸ்டேஜ் டாப் இன்குபேட்டர் விமர்சனம்: உயிருள்ள செல்லை இரவு முழுக்கப் படமெடுக்க இது தாங்குமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாக இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட வேண்டியவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். உயிருள்ள செல்களை மணிக்கணக்கில் டைம்-லாப்ஸ் (இடைவெளி விட்டு விட்டுத் தொடர்ச்சியாகப் படம்) எடுப்பதுதான் உங்கள் வேலை, மைக்ரோஸ்கோப்பும் பல பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என்றால் ஸ்டேஜ் டாப் இன்குபேட்டரைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஆயில் ஆப்ஜெக்டிவ் (நுனிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே ஆயில் துளி விட்டுப் பார்க்கும் லென்ஸ்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஆப்ஜெக்டிவ் ஹீட்டர் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். கொட்டேஷனில் அதை "ஆப்ஷனல்" என்று கடைசி வரியில் போட்டிருப்பார்கள், பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: அதை வெட்டினால் மீதி வாங்கியதில் பாதி வீண்.

தெரியாதவர்களுக்கு: மைக்ரோஸ்கோப்பின் ஸ்டேஜில் உட்காரும் சின்னப் பெட்டி இது. உள்ளே 35 மில்லிமீட்டர் கண்ணாடி அடி டிஷ்ஷோ, சேம்பர் ஸ்லைடோ வைக்கலாம். அடித்தட்டுக்கு ஒரு ஹீட்டர், மூடிக்கு ஒன்று, ஈரப்பதத்துக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு ஹீட்டர், அப்புறம் ஆப்ஜெக்டிவைச் சுற்றி வளையம் போல மாட்டும் ஹீட்டர். கூடவே காற்றையும் கார்பன் டை ஆக்சைடையும் கலந்து அனுப்பும் கேஸ் மிக்சர். ஜப்பானின் தோக்காய் ஹிட், இத்தாலியின் ஒக்கோலேப், ஜெர்மனியின் இபிடி என்று இதைச் செய்பவர்கள் பல பேர். நாங்கள் சென்னையில், லென்ஸ் டிஷ்ஷுக்குக் கீழே இருக்கும் ஒரு இன்வெர்ட்டட் கான்ஃபோகலில் (லேசரால் படமெடுக்கும் மைக்ரோஸ்கோப்) மாட்டி ஓட்டுவது யாருடையது என்று எழுதப்போவதில்லை. இங்கே நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் இந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொது.

புதிதாகப் பார்க்கிறவர்களைக் குழப்புவது கண்ட்ரோலர் திரை. அதில் நான்கு எண்கள் தெரியும்: மூடி 42, தண்ணீர்த் தொட்டி 40, தட்டு 38, ஆப்ஜெக்டிவ் 39 என்கிற மாதிரி. செல்லுக்கு வேண்டியது 37 டிகிரி, அந்த 37 திரையில் எங்கேயும் இல்லை. சிலர் உடனே எல்லாவற்றையும் 37-க்கு மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள், அங்கேயே படம் கெட்டுவிடும். ஹீட்டர் காட்டுவது ஹீட்டரின் வெப்பநிலையைத்தான். அங்கிருந்து தட்டு, தட்டிலிருந்து டிஷ்ஷின் பிளாஸ்டிக் விளிம்பு, விளிம்பிலிருந்து நடுவில் ஒட்டியிருக்கும் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடி என்று போகும் வழியெல்லாம் வெப்பம் குறைந்துகொண்டே வருகிறது. அறை 22 டிகிரியில் இருந்தால், செல்லுக்கும் அறைக்கும் நடுவே 15 டிகிரி வித்தியாசத்தை இந்தப் பெட்டி ராத்திரி முழுக்கப் பிடித்து நிறுத்த வேண்டும்.

இதில் பெரிய எதிரி ஆப்ஜெக்டிவ்தான். 60 எக்ஸ் ஆயில் லென்ஸ் என்பது கையில் எடுத்தால் கனக்கிற ஒரு உலோகக் கட்டி, அது மைக்ரோஸ்கோப்பின் இன்னும் பெரிய உலோக உடம்போடு இணைந்திருக்கிறது. ஆயில் துளி கண்ணாடியைத் தொட்ட நொடியிலிருந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்து வெப்பம் லென்ஸ் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். டிஷ்ஷின் ஓரத்தில் இருக்கும் செல் சுகமாக இருக்கும், கேமராவுக்கு நேர் மேலே இருக்கும் செல் மட்டும் குளிரில் நடுங்கும். இது ஊகம் இல்லை, வெப்பநிலை அளக்கும் மெல்லிய கே டைப் தெர்மோகப்பிள் கம்பி ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிஷ்ஷில் வழக்கமான அளவு மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) ஊற்றி, கம்பியின் நுனியைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டி, மூடியை மூடி, முதலில் லென்ஸை இறக்கி வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் ஆயில் விட்டு லென்ஸை ஏற்றி அளந்து பாருங்கள். எங்கள் பெட்டியில் ஆப்ஜெக்டிவ் ஹீட்டரை அணைத்துவிட்டால் எண் பல டிகிரி சரிந்துவிடுகிறது, திரையோ எதுவும் நடக்காதது போல அதே பழைய எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். ஹீட்டரைப் போட்டு, நிலைக்கு வர நேரம் கொடுத்தால் 37-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். தெர்மோகப்பிளை நம்புவதற்கு முன் அதையும் உருகும் ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள், அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சில டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். மைக்ரோடியூப்யூல் (செல்லுக்குள் சட்டம் போல நிற்கும் புரதக் குழல்) பார்ப்பவர்களிடம் கேளுங்கள், பாலூட்டிச் செல்களின் மைக்ரோடியூப்யூல்கள் குளிரில் கலைந்துவிடும், கலையாத அளவுக் குளிரிலும் அவை வளரும் வேகம் மாறிவிடும். எண்டோசைட்டோசிஸ் (செல் வெளிப்பொருளை உள்ளிழுப்பது), செல் நகரும் வேகம், செல் பிரியும் நேரம் எல்லாமே வெப்பநிலையோடு கட்டுண்டவை. மருந்து போட்டதால் மெதுவானதா, லென்ஸ் குளிர்ந்ததால் மெதுவானதா என்று பிரித்துச் சொல்ல முடியாத தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். 37-க்குக் கீழே ஒரு டிகிரி போனால் செல் மெதுவாகும், மேலே சில டிகிரி ஏறினால் சூட்டிலிருந்து தற்காத்துக்கொள்ளும் ஹீட் ஷாக் புரதங்களை உருவாக்க ஆரம்பித்துவிடும். அதனால் கொஞ்சம் குறைவாக, 36.5 பக்கம் நிறுத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி. லென்ஸைச் சூடாக்குவதற்கும் எல்லை உண்டு, உள்ளே ஒட்டுப்பசை இருக்கிறது, எவ்வளவு வரை தாங்கும் என்று லென்ஸ் தயாரிப்பாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சூடேற்றுவதும் ஆறவிடுவதும் மெதுவாக நடக்கட்டும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை, இதை விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வதில்லை. சாதாரண இமர்ஷன் ஆயிலின் ஒளிவிலகல் எண் 1.518 என்று பாட்டிலில் போட்டிருப்பது 23 டிகிரிக்கு. 37-க்குப் போனால் டிகிரிக்கு சுமார் 0.0004 வீதம் குறையும், படத்தில் கூர்மை போய் ஸ்பெரிக்கல் அபரேஷன் (ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாத குறை) எட்டிப் பார்க்கும். 37 டிகிரிக்கென்றே தயாரான ஆயில் கிடைக்கிறது, இன்குபேட்டரோடு சேர்த்து ஒரு பாட்டில் வாங்கிவிடுங்கள். செல்லெல்லாம் நன்றாக இருந்தும் படம் மங்கலாக வருகிறதே என்று லேசரையும் டிடெக்டரையும் திட்டிக்கொண்டிருப்பவர்களில் பல பேருக்கு இந்தப் பாட்டில் போதும்.

அடுத்தது ஈரப்பதம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஈரப்பதத்துக்கு என்ன குறை என்று தோன்றலாம். வெளியே சட்டை நனைகிற புழுக்கம்தான், ஆனால் மைக்ரோஸ்கோப் அறையில் ஏசி நாள் முழுக்க ஓடி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. அந்த உலர்ந்த காற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தண்ணீருக்கு அலையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் உங்கள் மீடியம்தான். டிஷ்ஷில் இருப்பதே 2 மில்லி. அதில் பத்தில் ஒரு பங்கு ஆவியானால் கரைபொருள் செறிவு 300 மில்லிஆஸ்மோலில் இருந்த மீடியம் 333-க்குப் போய்விடும். செல் சுருங்கும், அழுத்தம் தாங்காமல் விசித்திரமான வடிவங்களைக் காட்டும், அதைப் பார்த்து நாம் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. கருமுட்டை வளர்ப்பவர்கள் மேலே மினரல் ஆயில் ஊற்றி மூடுவது இதற்காகத்தான்.

எங்கள் பெட்டி இந்த வேலையைச் சுமாராகச் செய்கிறது, சுமார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தொட்டி நிறைந்திருக்கும் வரை பிரமாதம். ஆனால் தொட்டி சின்னது, நீண்ட ஓட்டத்தில் விடியும் முன் வற்றிவிடும், வற்றியதும் எச்சரிக்கை எதுவும் கிடையாது. இந்த விலைக்கு ஒரு மட்ட சென்சார் வைத்திருக்கலாம், வைக்காதது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. பக்கவாட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் சேர்க்க வழி இருக்கும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள், மூடியைத் திறந்து ஊற்றினால் வெப்பமும் போகும் ஃபோகஸும் போகும். தொட்டியில் சுத்திகரித்து ஸ்டெரைல் செய்த தண்ணீர் மட்டும் போதும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் வடித்து உலர்த்தி வையுங்கள். வெதுவெதுப்பான ஈரமான மூலை பூஞ்சைக்குச் சொர்க்கம்.

மூடி ஹீட்டர் ஏன் 40-க்கு மேலே இருக்க வேண்டும் என்பதும் இங்கேதான் புரியும். மூடி உள்ளிருக்கும் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால்தான் அதில் நீர்த்துளி பூக்காது. பூத்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் சிதறி சாயமிடாத செல்லைக் காட்டும் முறைகளான ஃபேஸ் கான்ட்ராஸ்டும் டிஐசியும் கெட்டுப்போகும், துளி சொட்டினால் டிஷ்ஷுக்கும் ஆபத்து. எங்கள் மூடியின் கண்ணாடி ஹீட்டர் ஒளியை நன்றாகவே விடுகிறது, இதுவரை டிஐசியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஈரக் காற்று வரும் குழாய்தான் தலைவலி: சூடான ஈரக் காற்று ஏசிக் குளிரில் நீட்டி வைத்த குழாயில் வந்தால் வழியிலேயே தண்ணீராகிக் கோத்துக்கொள்ளும். ஈரமூட்டும் பாட்டில் வெளியே இருக்கும் மாடல் என்றால் சூடேற்றிய குழாயையும் கேளுங்கள், இல்லாவிட்டால் குழாயின் நீளத்தையாவது குறையுங்கள்.

கேஸ் பக்கம் வந்தால், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு எதற்கென்று ஒரு வரியில்: மீடியத்தில் இருக்கும் பைகார்பனேட்டோடு அது சமநிலையில் இருந்தால்தான் பிஎச் 7.4 பக்கம் நிற்கும். கேஸ் நின்றால் மீடியம் காரமாகி, அதிலுள்ள ஃபீனால் ரெட் என்ற பிஎச் காட்டும் சாயம் ஆரஞ்சு கலந்த சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். படமெடுக்க ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் போடுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை, அதனால் பக்கத்தில் ஃபீனால் ரெட் உள்ள மீடியம் கொஞ்சம் வைத்திருப்பது நல்ல பழக்கம். பலரும் கவனிக்காத ஒன்று: எல்லா மீடியமும் 5 சதவீதத்துக்கு ஏற்றதில்லை. வழக்கமான டிஎம்இஎம் என்ற மீடியத்தில் பைகார்பனேட் 44 மில்லிமோலார், அது 10 சதவீதத்துக்கு நெருக்கமாகச் செய்தது. ஆர்பிஎம்ஐ என்ற இன்னொரு மீடியத்தில் சுமார் 24. எனவே மிக்சரில் சதவீதத்தை மாற்றும் வசதி இருப்பது உண்மையில் பயன்படுகிறது, ஒரே கலவையை ரெடியாக அடைத்துவரும் சிலிண்டரில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஹெபெஸ் (கேஸ் இல்லாமலே பிஎச்சைப் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள், சேர்க்கலாம், ஆனால் ரைபோஃப்ளேவினும் (வைட்டமின் பி2) இருக்கும் மீடியத்தில் ஹெபெஸின் மேல் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும் என்பது பழைய செய்தி, லேசருக்கடியில் அதை மறக்கக் கூடாது.

எங்கள் மிக்சர் நம்பகமாக ஓடுகிறது, இன்ஃப்ராரெட் சென்சார், சத்தமும் குறைவு. சிலிண்டர்தான் நம் ஊர்ப் பிரச்சினை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, திரவம் தீரும் வரை அழுத்தமானி 25 டிகிரியில் சுமார் 64 பார் என்று ஒரே இடத்தில் நிற்கும், தீர்ந்ததும் மளமளவென்று விழும். அதாவது மானியைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் வராந்தாவில் நிறுத்தியிருந்தால் அந்த எண்ணும் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், 31 டிகிரிக்கு மேலே உள்ளே திரவமே கிடையாது. இரண்டு சிலிண்டர் வைத்து, ஒன்று தீர்ந்தால் தானாக அடுத்ததற்கு மாறும் சேஞ்ச்ஓவர் போட்டுவிட்டால் நிம்மதி. இன்னொன்று, சிலிக்கோன் குழாய் கேஸை வெளியே கசியவிடும், நீளமாக ஓடும் இடத்தில் பாலியூரிதேன் குழாய் போடச் சொல்லுங்கள்.

ஃபோகஸ் நகர்வுக்கு வருகிறேன். உலோகம் ஒரு டிகிரி மாறினாலே ஃபோகஸ் அரை முதல் ஒரு மைக்ரான் வரை நகரக்கூடும். 60 எக்ஸ் லென்ஸின் ஃபோகஸ் ஆழமே ஒரு மைக்ரானுக்குள் என்பதால் அது போதும் படம் போக. பெட்டியைப் போட்டவுடன் படமெடுக்க உட்காராதீர்கள், தட்டு, லென்ஸ், ஸ்டேஜ் எல்லாம் ஒரே நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும், நாங்கள் மதியமே ஆன் செய்துவிட்டு மாலையில்தான் டிஷ் வைக்கிறோம். ஸ்பிளிட் ஏசியின் காற்று ஸ்டேஜில் நேராகப் பட்டால் எந்த இன்குபேட்டரும் தோற்கும், கம்ப்ரசர் ஓடி நிற்கும் அதே தாளத்தில் ஃபோகஸும் ஆடுவதை வரைபடத்தில் அழகாகக் காணலாம். ஏசியின் துடுப்பைத் திருப்பிவிடுங்கள், ஒரு திரை கட்டுங்கள், செலவில்லாத வைத்தியம் இது. நிக்கானின் பெர்ஃபெக்ட் ஃபோகஸ், சைஸின் டெஃபினிட் ஃபோகஸ் மாதிரி இன்ஃப்ராரெட் ஒளியால் கண்ணாடியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வசதி இருந்தால் நகர்வு தெரியாமல் போகும். அது இருக்கிற தைரியத்தில் வெப்பநிலையை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வசதி ஃபோகஸைத்தான் பிடிக்கிறது, வெப்பநிலை ஏறி இறங்குவதைச் செல் அனுபவித்துக்கொண்டேதான் இருக்கிறது.

மின்சாரம் பற்றி வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் சில நொடிகள், அதற்குள் கண்ட்ரோலர் அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் பழைய அமைப்பில் தானாகச் சூடேற்றத் தொடங்குமா, அல்லது யாராவது வந்து பட்டனை அழுத்தும் வரை காத்திருக்குமா? எங்களுடையது காத்திருக்கும். ஆளில்லாத ராத்திரியில் ஓட வேண்டிய சாதனத்துக்கு இது மோசமான வடிவமைப்பு, நேரடியாகவே சொல்கிறேன். கண்ட்ரோலரையும் மிக்சரையும் மைக்ரோஸ்கோப்பின் யூபிஎஸ்ஸிலேயே இணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, இவை இழுக்கும் மின்சாரமும் குறைவுதான். வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் மென்பொருள் கூடவே வருகிறது, தோற்றம் பழசாக இருந்தாலும் ஒழுங்காக வேலை செய்கிறது, காலையில் முதலில் நாங்கள் திறப்பது படத்தை இல்லை, அந்தப் பதிவைத்தான்.

சர்வீஸில் திருப்தி பாதிதான். இங்கே இருக்கிற ஏஜென்டின் இன்ஜினியர் நல்லவர், போன் எடுக்கிறார், ஆனால் கேஸ் சென்சாரைக் கேலிபரேட் செய்ய வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அத்தனை நாளும் மிக்சர் இல்லை. டிஷ்ஷைப் பிடிக்கும் இன்செர்ட்டுகள் தனித்தனி விலை, 35 மில்லிமீட்டருக்கு ஒன்று, சேம்பர் ஸ்லைடுக்கு ஒன்று. டிஷ் பிராண்டுக்குப் பிராண்ட் விளிம்பு கொஞ்சம் மாறும், தளர்வாக உட்கார்ந்தால் ஸ்டேஜ் நகரும்போதெல்லாம் டிஷ்ஷும் வழுக்கும். நீங்கள் பயன்படுத்தும் டிஷ்ஷைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

முழு மைக்ரோஸ்கோப்பையும் அக்ரிலிக் கூண்டில் அடைக்கும் கேஜ் இன்குபேட்டர் இதைவிட நல்லதா என்று கேட்பார்கள். ஒரே ஆராய்ச்சிக் குழு, ஒரே வேலை, நாள் கணக்கில் ஓட்டம் என்றால் ஆமாம், லென்ஸ், ஸ்டேஜ், உடம்பு எல்லாம் ஒன்றாகச் சூடாகிவிடுவதால் ஃபோகஸ் நகர்வு மிகக் குறைவு, தனி லென்ஸ் ஹீட்டரும் வேண்டாம். ஆனால் சூடாக முந்தைய இரவே போட வேண்டும், கதவைத் திறந்தால் மறுபடி நேரமாகும், ஈரப்பதத்துக்கும் கேஸுக்கும் உள்ளே எப்படியும் ஒரு சின்னப் பெட்டி வேண்டியிருக்கும். காலையில் ஒருவர் ஃபிக்ஸ் செய்த ஸ்லைடும் மாலையில் இன்னொருவர் உயிர்ச்செல்லும் பார்க்கிற பொது வசதிக்கு ஸ்டேஜ் டாப்தான் சரி.

எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. செல் வளர்ப்பின் முன்னோடி ராஸ் ஹாரிசன் 1907-ல் தொங்கும் துளியில் நரம்பு நார் வளர்வதைப் பார்த்தது தவளையின் திசுவில், அதற்கு ஹீட்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பழ ஈயான ட்ரோசோஃபிலாவின் எஸ்2 செல்களுக்கு 25 டிகிரி போதும், கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம். வரிக்குதிரை மீன் கரு 28.5, ஈஸ்ட் 30. பாலூட்டிச் செல்லையே அரை மணி நேரம் மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் கேஸ் தேவைப்படாத எல்-15 மீடியமும் சூடேற்றும் தட்டும் லென்ஸ் ஹீட்டரும் போதும், மிக்சரின் காசு மிச்சம்.

டெமோவுக்கு வருகிறவர்கள் காட்டும் அழகான படத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். உங்கள் செல்லை வைத்து ஒரு ராத்திரி ஓட்டச் சொல்லுங்கள். ஹீலா (ஆய்வகங்களில் பரவலான மனிதச் செல் வகை) போன்ற செல் வட்டமாகி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், அது இரண்டு மூன்று மணி நேரமாக இழுத்தால் ஏதோ சரியில்லை. அதே டிஷ்ஷில் லேசரே படாத ஒரு மூலையை விடிந்ததும் பாருங்கள்: அங்கேயும் செல்கள் பிரியாமல் இருந்தால் கோளாறு இன்குபேட்டரில், லென்ஸ் ஹீட்டர் ஒழுங்காக ஓடியும், அங்கே நன்றாக இருந்து படமெடுத்த இடத்தில் மட்டும் வாடியிருந்தால் வெளிச்சம் அதிகம், லேசரைக் குறையுங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஏஜென்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். ஆர்டர் போடும்போது ஆப்ஜெக்டிவ் ஹீட்டர், நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் டிஷ்ஷுக்கான இன்செர்ட், மூடிக்கான உபரி ஓ-ரிங், 37 டிகிரி ஆயில், கேலிபரேஷனுக்குப் போகும் நாட்களுக்கு மாற்று மிக்சர் தருவோம் என்ற எழுத்து வாக்குறுதி, இவை ஐந்தும் ஒரே கொட்டேஷனில் இருக்கட்டும். பின்னால் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் நகர வேண்டும்.